இருட்டறை நாட்கள்: ஸ்டாக் ரிஜிஸ்டர் சொல்லும் நம் துறை வரலாறு

மலர்க் குழுவிலிருந்து ஒரு மாலை போன் வந்தது. “அண்ணே, நம்ம போட்டோகிராபி, ஃபிலிம், வீடியோ டிபார்ட்மென்ட் வரலாற்றை நீங்கதான் எழுதித் தரணும். நாலு பக்கம் போதும். பழைய போட்டோ இருந்தா சேர்த்துக் குடுங்க” என்றார் தம்பி. எனக்குப் பத்து பேட்ச் தள்ளிப் படித்தவர். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறுத்தல் வந்தது. அந்த வரலாற்றில் ஒரு பகுதியை அழித்தவனே நான்தான். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுவது முறையாகாது. இடம் வரும்போது சொல்கிறேன்.

சின்னக் கல்லூரி என்பதால் நம் துறைக்கென்று ஆண்டறிக்கை, ஆவணம் என்றெல்லாம் ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்குக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர். பச்சைக் காலிகோ அட்டை, ஓரத்தைக் கரையான் பதம் பார்த்திருக்கிறது. “என்லார்ஜர் - 1 (லென்ஸில் பூஞ்சை). டிரே - 6, உடைந்தது 2. சிவப்பு பல்பு - 3. போலெக்ஸ் 16 மி.மீ. கேமரா - 1, நன்கொடை. வி.சி.ஆர். - 2, ஒன்று பழுது.” புகைப்படம், ஃபிலிம், வீடியோ என்று நாங்கள் படித்த மூன்றும் இந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிட்டன.

நான் சேர்ந்தது 1989-ல். அட்மிஷன் கிடைத்ததைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “கல்யாணப் போட்டோ எடுக்கறதுக்கு டிகிரி எதுக்குடா?” அப்போது பதில் தெரியவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். கலைப் பள்ளியில் புகைப்படம் கற்றுக்கொடுப்பது சென்னைக்கு நேற்று வந்த பழக்கமல்ல.

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் சென்னையில் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1855-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியின் மூலம் அதுதான். ஓவியம், மண்பாண்டம், மரச்செதுக்கு ஆகியவற்றோடு புகைப்படத்தையும் அங்கே ஒரு தொழிலாகக் கற்பித்தார்கள். உலகத்துக்குப் புகைப்படம் அறிவிக்கப்பட்டது 1839-ல். பதினைந்து இருபது வருஷத்துக்குள் சென்னைப் பையன்கள் அதைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள்! 1856-ல் சென்னையில் புகைப்படச் சங்கமே வைத்துவிட்டார்கள். அப்பா இருந்தவரை இதைச் சொல்லி அவர் வாயை அடைக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் கேப்டன் லினேயஸ் ட்ரைப். சி. ஐயாசாமி என்ற நம்மூர்க்காரர் அவருக்கு உதவியாளர். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ட்ரைப் சுற்றினார். நம் வெயிலில் கண்ணாடி நெகட்டிவ் சரிப்படாது என்று பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவையே நம்பினார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அடுத்த வருஷமே புதிதாக வந்த கவர்னர் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்தப் பிரிவையே மூட வைத்தார். (போட்டோ டிபார்ட்மென்ட் என்றாலே சிக்கனத்துக்கு முதல் பலி என்ற மரபு அன்றே தொடங்கிவிட்டது போலும்.) ஆனால் படங்கள் போகவில்லை. அந்தக் காகிதப் பிரிண்டுகள் இன்னும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நூற்று அறுபது வருஷம் தாண்டியும் கல்வெட்டு எழுத்து தெரிகிறது.

சினிமாவுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப் படம். இன்று அதில் ஓர் அடி ஃபிலிம்கூட இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’, அதுவும் இல்லை. தென்னாட்டில் எடுத்த மௌனப் படங்கள் நூற்றுக்கு மேல். அவற்றில் முழுசாகத் தப்பியது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். தப்பிய கதையும் வேடிக்கை. நாவலின் உரிமை யாருக்கு என்ற வழக்கில் படம் பறிமுதலாகி, பதிப்பாளரின் கிடங்கில் முடங்கிக் கிடந்தது. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கண்டெடுத்தது. கோர்ட்டுக்குப் போகாமல் ஒழுங்காக ஓடிய படங்கள் எல்லாம் ஒழிந்தன. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் தீப்பற்றக்கூடியது. எரிந்தது போக மிச்சத்தை அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டு உருக்கினார்கள்.

சினிமாவைப் பாடமாகக் கற்பிக்க இங்கே 1945-ல் அடையாறு பாலிடெக்னிக்கில் வழி பிறந்தது. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும்தான் முதல் பாடங்கள். புனேவில் மத்திய அரசின் இன்ஸ்டிட்யூட் வந்தது 1960-ல். எங்கள் தலைமுறைக்கு அடையாறு என்றால் ஒரு மந்திரச் சொல். 1986-ல் அங்கே படித்தவர்கள் கூடி எடுத்த ‘ஊமை விழிகள்’ ஓடிய ஓட்டத்தில்தான் எங்களில் பாதிப் பேருக்குக் கிறுக்குப் பிடித்தது. மிச்சப் பாதிக்கு ‘மௌன ராக’த்திலும் ‘நாயக’னிலும் பி.சி. ஸ்ரீராம் வைத்த வெளிச்சம். அடையாறில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைக்காதவர்கள்தான் நம்மைப் போன்ற சின்னக் கல்லூரிகளைத் தேடி வந்தோம். இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி நம் இருட்டறைக்கு வருவோம். இப்போது யு.பி.எஸ். பேட்டரி அடுக்கியிருக்கிறார்களே, மாடிப்படிக்குக் கீழே, அந்த அறைதான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் பழைய வேட்டி. டெவலப்பர் வாங்கக் காசில்லாமல் நாங்களே கலப்போம். டி-76 ஃபார்முலா இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. மெட்டால் கரைவதற்கு முன்னால் சல்பைட்டை மொத்தமாகக் கொட்டினால் தீர்ந்தது, மெட்டால் கரையவே கரையாது. சாமான்களைப் பாரிமுனையில் வாங்கி, தபால் தராசில் நிறுத்துக் கொள்வோம்.

புத்தகத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கும். நம் குழாய்த் தண்ணீரோ 31, 32. சூடு மீறினால் ஃபிலிமின் மேல்பூச்சு இளகிச் சுருக்கம் விழுந்துவிடும். அதனால் டெவலப் செய்யும் நாளில் ஒருவன் வாசல் ஜூஸ் கடைக்கு வாளியோடு ஓடுவான். “என்னப்பா, இன்னிக்கு யாருக்குக் காய்ச்சல்?” என்று கடைக்காரர் ஐஸை உடைத்துப் போடுவார். காகிதம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’. 1967-ல் உற்பத்தி தொடங்கிய அந்த அரசு ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. அன்று நீலகிரியிலிருந்து வரும் அந்தப் பெட்டிதான் எங்களுக்குக் கஜானா. ஒரு ஷீட்டை நாலாகக் கிழித்துத்தான் டெஸ்ட் போடுவோம். முழு ஷீட் வேண்டுமென்றால் சாரிடம் நெகட்டிவைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் “போய் மறுபடி எடு” என்பார்.

டெவலப்பருக்கு அடுத்த டிரேயில் ஸ்டாப் பாத். அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர். அந்தப் புளித்த வாடை சட்டையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கோ அது பெருமை. இந்த வாடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

போலெக்ஸ் கேமரா வந்தது ஒரு சீனியரின் மாமா தயவில். தொலைக்காட்சிச் செய்திக்காக 16 மி.மீ.யில் படம் எடுத்தவர். சென்னையில் டி.வி. நிலையம் 1975-ல் வந்தது. எண்பதுகளில் வீடியோ கேமரா நுழைந்ததும் அவருடைய கேமரா பரணுக்குப் போயிற்று. அதைத்தான், காலாவதியான ஏழெட்டு ரோலோடு, நமக்குக் கொடுத்துவிட்டார். சாவி கொடுத்து ஓட்டும் கேமரா, ஒரு சாவிக்கு அரை நிமிஷத்துக்குக் குறைவாகவே ஓடும். நூறடி ரோல் மொத்தமே இரண்டே முக்கால் நிமிஷம். ஒரு குரூப்புக்கு ஒரு ரோல், வருஷத்துக்கு ஒரு தடவை. ஆறு பேர் ஒரு மாசம் உட்கார்ந்து, எந்த ஷாட் எத்தனை விநாடி என்று பேப்பரில் கணக்குப் போடுவோம். சண்டை போடுவோம், பேசாமல் இருப்போம், மறுபடி கணக்குப் போடுவோம். எடுக்கும் நாளில் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

வீடியோ வந்ததும் இந்தக் கட்டுப்பாடெல்லாம் காற்றில் போயிற்று. தோளில் வைக்கும் வி.எச்.எஸ். கேமரா, மூன்று மணி நேர கேசட். எடுத்ததை அப்போதே டி.வி.யில் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அதன் மேலேயே மறுபடி எடுக்கலாம். எங்களுக்குக் கொண்டாட்டம். சாருக்கு மட்டும் அதன் மேல் ஒரு கண் எரிச்சல். “அழிக்க முடியும்கறதாலேயே நீங்க யாரும் பாக்க மாட்டேங்கறீங்க” என்பார். பழைய ஆள் புலம்புகிறார் என்று நினைத்தோம். ஒரு வகையில் அவர் சொன்னது தப்பும்கூட. வீடியோ இல்லாவிட்டால் ஒரு மனிதரைத் தடங்கலில்லாமல் ஒரு மணி நேரம் பேசவிட்டுக் கேட்க எங்களுக்கு எங்கே வசதி இருந்தது?

அப்படிப் பேசவிட்ட ஒருவரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மூன்றாம் வருஷ புராஜெக்டுக்கு எங்கள் குரூப் எடுத்துக்கொண்டது சினிமா பேனர் வரையும் தொழில். மவுண்ட் ரோடில் வானத்தை மறைத்துக்கொண்டு கட் அவுட் நின்ற காலம் அது. 1991 டிசம்பரிலிருந்து 1992 ஜனவரி வரை ஒரு பேனர் கொட்டகைக்கு நடையாய் நடந்தோம். ஸ்டில் போட்டோ இரண்டு ரோல், போலெக்ஸில் ஒரு ரோல், வீடியோவில் மூன்று கேசட். பெரியவர் ஒருவர், எழுபதை நெருங்கியவர். போட்டோ ஸ்டில்லில் சின்னக் கட்டம், துணியில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தைத் தூக்கி நிறுத்துவார். மூக்கு மட்டுமே ஆளுயரம். 1948-ல் ‘சந்திரலேகா’ விளம்பர வேலைக்குப் பெயிண்ட் டப்பா தூக்கியதில் ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களிடம் பேசினார். எந்தக் கதாநாயகருக்கு ரோஸ் தூக்கலாகப் போட வேண்டும், யார் முகத்தில் நிழலுக்கு நீலம் வைத்தால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், மழையில் கலர் ஓடாமலிருக்க எண்ணெயில் என்ன சேர்ப்பது, பெரிய படம் விழுந்தால் கூலி எப்படி நின்றுபோகும் என்று எல்லாமே முதல் கேசட்டில் இருந்தது. நாங்கள் கேசட்டின் பின்பக்கத்து நாக்கை உடைத்துப் பத்திரப்படுத்தினோம். வி.எச்.எஸ். தெரியாத இளைய மாணவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் வி.சி.ஆர். அதில் மேற்கொண்டு பதிவு செய்யாது.

1992 மார்ச்சில் கல்லூரி ஆண்டு விழா. வீடியோ எடுக்கும் பொறுப்பு என்னுடையது. விழா ஆறு மணிக்கு. ஐந்தரைக்கு, வாங்கி வைத்த புதுக் கேசட் காணோம். கடைக்கு ஓட நேரமில்லை, கையில் காசுமில்லை. பீரோவைத் திறந்தேன். எங்கள் பன்னிரண்டு நிமிஷப் படத்தை எடிட் செய்து முடித்தாகிவிட்டது, இனி மூலக் கேசட் எதற்கு என்று ஒரு நினைப்பு. உடைந்த நாக்கின் பள்ளத்தில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டினால் வி.சி.ஆரை ஏமாற்றிவிடலாம் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை. ஒட்டினேன். பெரியவர் மேல் ஆண்டு விழாவை ஏற்றினேன்.

எடிட் செய்த கேசட் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போனது, திரும்பி வரவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முதல் கேசட் எங்கே என்று சார் ஒரு தடவை கேட்டார். “தெரியல சார்” என்றேன்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அந்தப் பழைய பீரோவைத் திறந்து பார்த்தோம். நெகட்டிவ்கள் பட்டர் பேப்பர் உறையில் அப்படியே இருந்தன. ஓரிரண்டில் பூஞ்சைப் புள்ளி, மற்றவை பளிச். அவற்றை ஸ்கேன் செய்து இந்த மலரின் நடுப்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஏணி மேல் நிற்பவர்தான் பெரியவர். 16 மி.மீ. டப்பாவைத் திறந்ததும் குப்பென்று அந்த வாடை. எங்கள் ஸ்டாப் பாத் வாடையேதான்! ஒரு கணம் மனசு துள்ளியது. பிறகுதான் புரிந்தது. அசெட்டேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப்போகத் தொடங்கினால் அதே அமிலத்தைத்தான் கக்கும். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, குளிரில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. ஃபிலிம் சுருங்கியிருந்தாலும் ஓடும் நிலையில் இருக்கிறது. இரண்டே முக்கால் நிமிஷத்தையும் ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறோம்.

கேசட்டுகள்தான் கைவிட்டன. வி.சி.ஆர். கிடைப்பதே பாடாகிவிட்டது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானிய கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டதாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் இரண்டு பழைய மெஷின்களைப் பிரித்து ஒன்றாக்கிக் கொடுத்தார். இரண்டாம் கேசட்டில் டேப் வெள்ளை பூத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓட்டினால் கிழியும் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது ஓடியது. தெருக்காட்சிகள், கட் அவுட் ஏற்றுகிற சத்தம், எங்கள் சிரிப்பு. அதில் பெரியவர் பேசவில்லை.

முதல் கேசட்டையும் போட்டோம். குத்துவிளக்கு, வரவேற்புரை, பரதம், நாடகம், நன்றியுரை, நாட்டுப்பண். அதோடு முடிந்தது என்று நிறுத்தப் போனார் மெஷின்காரர். படம் ஒரு தரம் கிழிந்து, கோடு கோடாக ஓடி, சட்டென்று நின்றது. பெரியவர்! ஆண்டு விழா கொஞ்சம் சீக்கிரமாக முடிந்ததால் தப்பியவர். “…அதுக்கப்புறம் எங்கிட்ட யாரும் கேக்கலப்பா” என்று பாதி வாக்கியத்தில் ஆரம்பிக்கிறார். என்ன கேட்கவில்லை, எதற்கப்புறம் என்பதெல்லாம் பரதத்துக்குக் கீழே போய்விட்டது. காந்தப் பதிவில் மேலே ஏற்றினால் அடியிலிருப்பது துடைத்தபடிதான், எந்த மெஷினாலும் மீட்க முடியாது. மிச்சம் ஒன்பது நிமிஷம். அதில் பெரும்பாலும் பிரஷ் கழுவிக்கொண்டு எங்களுக்கு டீ சொல்கிறார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிளெக்ஸ் அச்சு வந்து அந்தத் தொழிலைச் சில வருஷத்தில் துடைத்துவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். பெரியவரின் குடும்பத்தைத் தேடிப் பார்த்தேன், தடம் கிடைக்கவில்லை. சாரும் இப்போது இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை அவர் வளர்த்த துறையின் மலரில் சொல்கிறேன்.

இன்றைய மாணவர்கள் சிலரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “இப்பல்லாம் போன்லதான் சார், எதுவும் அழியாது” என்றார்கள். போன வருஷ ஃபைனல் இயர் படங்களைக் காட்டச் சொன்னேன். ஒரு ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை. இன்னொருவர் போனை மாற்றிவிட்டாராம். நான் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பேசும் யோக்கியதை எனக்கில்லை.

ஆனால் ஒரு நம்பிக்கை பாக்கியிருக்கிறது. ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: “பேனர் கேசட் 1 - காப்பி ஒன்று, மாணவர் எடுத்துச் சென்றார்.” தேதி 1992 பிப்ரவரி. பேர் இல்லை, கையெழுத்து சாருடையது. அப்படியென்றால் நான் அழிப்பதற்கு ஒரு மாதம் முன்பே யாரோ காப்பி எடுத்திருக்கிறார். காப்பி என்பதால் படம் மங்கித்தான் இருக்கும். குரல் இருந்தால் போதும்.

1990 முதல் 93 வரை படித்தவர்கள் தயவுசெய்து பரணில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். கல்யாணக் கேசட்டுகளோடு கலந்து கிடக்கலாம், லேபிளும் உதிர்ந்திருக்கலாம். சந்தேகமாக எது கிடைத்தாலும் சரி. ஆவலில் வீட்டு வி.சி.ஆரில் மட்டும் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். பூஞ்சை இருந்தால் டேப்பும் போகும், ஹெட்டும் போகும். அப்படியே துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். சங்கமத்தன்று காலை ஒன்பது மணியிலிருந்து நூலக வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன்.